மல்லித் தோட்டத்துக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ்: வாங்கலாமா?

பாம்புக்கடிக்குப் பயந்துதான் கம்பூட்ஸ் (சேற்றில் போடுகிற ரப்பர் பூட்ஸ்) பற்றி இந்தக் கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். 500 ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான்களில் தோட்ட வேலைக்கு இவ்வளவு உதவுவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்த உயரம், எந்த நம்பர், உள்ளே துணி ஒட்டியதா இல்லையா என்று பார்க்காமல் வாங்கினால், அது திண்ணை ஓரத்தில் நிற்கும், உள்ளே தேரை குடியிருக்கும். அந்த விவரங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டைப் பக்கம். தக்காளியும் கொஞ்சம் உண்டு, ஆனால் வீட்டுச் செலவை ஓட்டுவது குண்டுமல்லிதான். மல்லி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறித்தால் மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் விரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும். அதனால் சீசனில் விடியற்காலை மூன்றரைக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கிவிடுவோம். நான், என் நாத்தனார், பக்கத்துக் கொட்டாய் அக்காமார்கள் என்று எல்லோரும் பெண்கள். புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் மடி, காலில் ஒன்றும் கிடையாது. தண்ணீர் பாய்ந்த மண்ணில் செருப்பு ஒட்டிக்கொண்டு நடக்க விடாது என்பதால் அதை வரப்பிலேயே விட்டுவிடுவது வழக்கம். செடி இடுப்பளவு புதராக நிற்கும். பறிக்கிறவளின் கண்ணும் மொட்டின் மேல், தலை லைட்டின் வெளிச்சமும் மொட்டின் மேல். காலடியில் என்ன சுருண்டு கிடக்கிறது என்று யார் பார்ப்பது?

பூட்ஸ் யோசனை எங்கள் வீட்டுக்கு வந்தது மாமியாரின் பிரஷர் மாத்திரையோடு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அந்தப் பெண் சொன்னது. (2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) பிரஷர் பார்த்து முடித்ததும் அந்தப் பெண் மாமியாரின் காலைப் பார்த்தாள். வெடிப்பு, முள் குத்திய தழும்பு, மண்வெட்டி பட்ட காயம் எல்லாம் இருந்தன. "ஏம்மா, பாம்பு கடிச்சா என்ன பண்றதுன்னு எல்லாரும் கேக்கறீங்க. கால்ல ஒண்ணு மாட்டிக்கிட்டுப் போலாம்னு ஒருத்தருக்கும் தோணலையா?" என்றாள். மாமியார், "எங்க காலத்துல எங்கடி பூட்ஸு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவைச் சுற்றி இருக்கிற மருந்தடிக்கும் மிஷின் கடை, ஹார்டுவேர் கடை எல்லாவற்றிலும் கம்பூட்ஸ் கிடைக்கிறது. 350இலிருந்து 600 வரை விலை சொல்கிறார்கள். பிரச்சினை விலை இல்லை, நம்பர்தான்.

"அண்ணா, அஞ்சாம் நம்பர் இருக்கா?"

"அஞ்சா? ஆறுல இருந்துதாம்மா வருது. யாருக்கு, பையனுக்கா?"

"எனக்குத்தாண்ணா."

அவர் ஒருமுறை என் காலைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஆறாம் நம்பரையே எடுத்து வந்து, "சாக்ஸ் போட்டுக்கிட்டா சரியா இருக்கும்" என்றார். ஏறி இறங்கிய கடைகளில் பாதிக்கு மேல் இதே பேச்சு. கம்பூட்ஸ் என்றால் கட்டட வேலைக்குப் போகும் ஆண்களுக்கு என்றே முடிவு செய்துவிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பூப்பறிப்பது, களையெடுப்பது, நாற்று நடுவது முழுக்கப் பெண்கள். பாம்புக்குப் பக்கத்தில் அதிகம் நிற்கும் காலுக்கு அளவே வருவதில்லை என்றால் இதை என்னவென்று சொல்வது? ஒரு நம்பர் பெரிய பூட்ஸை சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்பது கடைத் தரைக்குச் சரி. சேற்றில் கால் வைத்தால் பூட்ஸ் மண்ணோடு நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு கடைக்காரர், "ஒண்ணா ஏழெட்டு ஜோடி எடுக்கறதா இருந்தா அஞ்சு வரவழைச்சுத் தர்றேன்" என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டுச் சேர்த்து எடுத்தோம். நீங்களும் தனியாகப் போய் நிற்காதீர்கள், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

அடுத்தது உயரம். கடையில் கேட்டால் உயரம் கூடக் கூட நல்லது என்பார்கள். பாதி உண்மை. பாம்புக்கடி பெரும்பாலும் விழுவது பாதத்தில், கணுக்காலில், அதற்குச் சற்று மேலே. அதனால் கணுக்காலோடு நிற்கிற குட்டை பூட்ஸ் வேண்டவே வேண்டாம், காசு தண்டம். முழங்கால் வரை வருகிற 15 அங்குல பூட்ஸ் நின்று பறிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் குந்தி உட்கார்ந்து களையெடுத்தால் மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். உயரம் குறைவான பெண்களுக்கு 12 அங்குலம்தான் சரி. நான் எடுத்தது அதுதான். நாத்தனார் என்னைவிட உயரம், அவளுக்கு 14. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் இரண்டும் தடுக்கவில்லை.

உள்ளே துணி ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டு வகை வருகிறது. துணி ஒட்டியது முதல் நாள் மெத்தென்று இருக்கும், நனைந்தால் காய நாளாகும், பிறகு நாறும். மழைக்காலத்துக்கு ஒட்டாததே மேல், பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டால் போதும். இரும்பு மூக்கு வைத்ததும் உண்டு. மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு அது நல்லது, பூப்பறிக்க வீண் பாரம். அடிப்பாகத்தில் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். என்னுடையது வழவழப்பான வாய்க்கால் கரையில்கூட வழுக்கவில்லை. கணுக்கால் மடிகிற இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் அந்த இடம்தான் முதலில் கிழியும். எங்களுடைய ஒரு ஜோடி அப்படித்தான் ஒரு சீசனுக்குள் மடிப்பில் வெடித்தது. மற்றவை நன்றாக இருக்கின்றன.

சரி, பாம்பின் பல்லை இது தாங்குமா? எல்லோரும் கேட்கிற கேள்வி. எந்தக் கடியும் உள்ளே போகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வளர்ந்த கண்ணாடி விரியனுக்குப் பல் நீளம். ஆனால் தடித்த ரப்பர், அதற்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி, அதற்குள் சாக்ஸ். வெறுங்காலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காலோடு ஒட்டிப் பிடிக்கிற பூட்ஸைவிடச் சற்று லூசானது நல்லது என்பதற்கும் இதுவே காரணம். லூஸ் வேண்டியது கெண்டைக்காலில், பாதத்தில் இல்லை.

நம் பக்கம் உயிருக்கு ஆபத்தான பாம்புகள் என்று முக்கியமாகச் சொல்வது நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரித்த ஒரே மருந்து. அதனால்தான் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்கிறார்கள். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள், 1978இல் தொடங்கியது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கண்ணாடி விரியன் குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் வருகிற மாதிரி 'உஸ்' என்று நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அசையாமல் நின்று, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். கட்டு விரியனிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது.

எங்களுக்குக் கீழ்த் தோட்டத்து அக்கா ஒருவர், "பூட்ஸ் போட்டா கை ஓடாது" என்று வேண்டாம் என்றவர். மழை விட்ட ஒரு காலையில் வரப்பில் கண்ணாடி விரியன் காலில் போட்டுவிட்டது. வீட்டுக்காரர்கள் முதலில் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள், அப்புறம் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கால் மினுமினுவென்று வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்களாம், உறையவில்லை. விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்கிற பரிசோதனை அது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், பிழைத்தார். கட்டை விரல் புண் ஆற மாதக்கணக்கானது, அத்தனை நாள் கூலியும் போனது.

மந்திரிக்கிறவர்கள் பேர் வாங்குவது எப்படி என்று அந்த மாத்திரைப் பெண்தான் விளக்கினாள். கடிக்கிற பாம்பில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்குவதில்லை. அப்படித் தானாகவே பிழைப்பவர்களின் கணக்கு பச்சிலைக்குப் போய்ச் சேருகிறது. அவள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: கடிபட்டவரை ஓடவிடாதே, நடக்கவிடாதே. மெட்டி, கொலுசு, மோதிரத்தை உடனே கழற்று. காலை அசையாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டு. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. கடித்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடு. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து பூட்ஸ் டப்பாவுக்குள் போட என்ன செலவாகும்? நாங்கள் வாங்கிய எந்த டப்பாவிலும் எம்.ஆர்.பி. தவிர ஒரு எழுத்து இல்லை. அதற்கு அரை மார்க் குறைக்கிறேன்.

பாம்புக்காக வாங்கினோம், ஆனால் தினமும் பலன் தெரிவது சின்னச் சின்ன விஷயங்களில். கருவேல முள், கண்ணாடித் துண்டு, தக்காளிக்கு நட்ட குச்சியின் முனை எதுவும் இப்போது காலில் ஏறுவதில்லை. (அதற்காக டெட்டனஸ் ஊசியை விட்டுவிடாதீர்கள், கையும் கிழியும்.) வெளிக்குப் போகிற மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய்விடும், குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும், 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், அதே மண்ணில் நிற்கிற முப்பது தாண்டிய தாய்மார்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ரத்தம் குறைச்சல் என்று வருஷம் முழுக்க இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிற எத்தனை பேருக்கு இதுவும் ஒரு காரணமோ. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர் காலில் இருக்கிற வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். மருந்தடிக்கும்போது தெறிக்கிற பூச்சிமருந்துக்கும் இது தடுப்பு. ஒன்று கவனம், பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கிக் காலோடு ஊறும்.

இனிக் குறைகள். கனம். ஜோடி ஒன்றரைக் கிலோ இருக்கும், முதல் வாரம் தொடை வலிக்கும். வியர்வை அதைவிடப் பெரிய தொல்லை. எட்டு மணி வெயிலுக்கு மேல் என்னால் போட முடிவதில்லை, கழற்றினால் கால் வேகவைத்த நிறத்தில் இருக்கிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறவர்கள் சாக்ஸைத் தினம் மாற்ற வேண்டும், பூட்ஸை இரண்டு குச்சி நட்டு அதன் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் கழற்றியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் பூட்ஸ் உரசிக் கொப்புளம் வந்தாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும். போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டாமல் யாரும் கால் விடக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருமுறை உள்ளேயிருந்து செந்தேள் விழுந்தது.

இன்னொரு குறை பூட்ஸில் இல்லை, கூலியில் இருக்கிறது. பூப்பறிக்கக் கிலோ கணக்கில்தான் கூலி. கனமான ஒன்றை மாட்டிக்கொண்டு புதரைச் சுற்றி வந்தால் ஆரம்பத்தில் பறிக்கிற அளவு குறையும், கூலி குறையும். அந்தக் கீழ்த் தோட்டத்து அக்கா சொன்ன 'கை ஓடாது' என்பதற்கு அர்த்தம் இதுதான், அவர் சோம்பேறி இல்லை. "பாதுகாப்புக்கு பூட்ஸ் அணியுங்கள்" என்று சுவரில் எழுதுவது சுலபம். அணிந்தால் 30, 40 ரூபாய் நஷ்டமாகிற பெண்ணிடம் அந்தச் சுவர் என்ன பேசும்? எங்கள் தோட்டத்தில் பூட்ஸ் செலவு எங்களுடையது, பழகுகிற வரைக்கும் கிலோவுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம். வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், "மிலிட்டரிக்கா அனுப்பறே?" என்று கேலியும் செய்தார். இப்போது ராத்திரி மோட்டார் போட அவரும் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு போகிறார். சொட்டுநீருக்குச் சிறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம் தருகிற அரசு, அந்தக் குழாய் ஓடுகிற பாத்தியில் நிற்கிற காலுக்கும் ஏதாவது செய்யலாம்.

பூட்ஸால் ஆகாத இடம் வீடு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது, வருஷத்துக்குச் சராசரி 58,000. அதில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில், பெரும்பாலும் கிராமங்களில். கட்டு விரியன் ராத்திரியில் எலியைத் தேடி வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிய வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்று வலி, தொண்டை அடைப்பு, கண் இமை தானாக மூடிக்கொள்வது என்று தொடங்கினால் "ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல" என்று சோடா குடிக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மூச்சு நின்றுபோகிற கடி அது.

அதற்கு நாங்கள் வாங்கியது கொசுவலை. விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுகிற அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும், தரையைத் தொட்டுக்கொண்டு தொங்குவது கொசுவுக்கே போதாது. தென்கிழக்கு நேபாளத்தில் வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று ஆய்வே செய்திருக்கிறார்கள். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ராகித் தாள் போரையும் விறகையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம், எலி குறைந்தது. வலைக்கு என் மார்க் ஐந்துக்கு ஐந்து. தலை லைட்டுக்கு மூன்று, ஏனென்றால் அது மேலே மட்டும்தான் அடிக்கிறது. இடுப்பில் இன்னொரு சின்ன டார்ச்சைக் கீழ்நோக்கித் தொங்கவிட்ட பிறகுதான் தரை தெரிந்தது.

வாங்க வேண்டாதவையும் உண்டு. பாம்பு விரட்டிப் பொடி, வீட்டைச் சுற்றித் தெளிக்கிற பூண்டு பெருங்காயக் கரைசல், மண்ணில் நட்டு வைத்தால் சத்தம் போட்டுப் பாம்பை விரட்டும் என்கிற சோலார் குச்சி. இவை வேலை செய்கின்றன என்பதற்கு நம்பும்படியான நிரூபணம் கிடையாது. அந்தக் காசுக்கு இன்னொரு ஜோடி சாக்ஸ் வாங்கலாம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. அதாவது எந்த ஆஸ்பத்திரிக்குக் கேஸ் வந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், தனியார் உட்பட. எந்த ஊரில் எத்தனை கடி என்று கணக்கு வந்தால், மருந்தை எங்கே எவ்வளவு வைப்பது என்றும் தெரியும். நல்ல காரியம். அந்தக் கணக்கில் கடிபட்டவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், காலில் என்ன போட்டிருந்தார் என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தால் பூட்ஸ் செய்கிற கம்பெனிக்காரர்களுக்கும் பெண்கள் அளவு ஞாபகம் வரும்.

கம்பூட்ஸுக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. அட்டை இல்லாததற்கு அரை, நம்பர் இல்லாததற்கு ஒன்று போய்விட்டது. ஐந்தாம் நம்பரை எப்படியோ பிடித்துவிட்டோம், நாலாம் நம்பர்தான் இன்னும் கிடைக்கவில்லை. தருமபுரியிலோ ஓசூரிலோ 12 அங்குலத்தில் நாலாம் நம்பர் வைத்திருக்கிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்தச் சீசனுக்கு எங்களுக்கு மூன்று ஜோடி வேண்டும்.